சுவர்களுக்கு இஸ்திரி

எங்கள் ஊர்த் தமிழ்ப் பொறியாளர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு எழுதித் தரும்படி சிவநேசன் வீட்டுக்கே வந்து கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடப் பொறியாளர், என்னைவிட ஒரு தலைமுறை இளையவர், மரியாதை தெரிந்தவர். "ஐயா, பழைய கட்டடங்கள் எவ்வளவு வடிவு எண்டு எழுதித் தாங்கோ. எங்கட ஆக்கள் விரும்பி வாசிப்பினம்" என்றார். அவர் சொன்ன வடிவை, அதாவது அழகைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, வடிவு வடிவு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அந்தக் கட்டடங்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். சரி என்றார். போகிற நேரத்தில், புதிதாக வாங்கிய அளவைக் கருவியின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார்.

"வீட்டு நடுவில வைச்சா முழுக்க அளந்துபோடும் ஐயா. பேந்து கம்ப்யூட்டர் தானாவே எல்லாத்தையும் நேராக்கித் தரும்."

"நேராக்கின்னா?"

"ஓம். சுவர் கொஞ்சம் சரிஞ்சு நிண்டாலும் செங்குத்தாக்கிப்போடும். வரைபடம் துப்புரவா இருக்கும்."

நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் காலத்தில் இந்த மடத்தனத்தைச் செய்து முடிக்க ஓர் அலுவலகம் நிறையப் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். இப்போது ஒரு பொத்தான் போதும் என்கிறார்கள். அதை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிண்டியில் பொறியியல். பிறகு பொதுப்பணித் துறையில் சில வருஷம் மதகுகளையும் சிறு பாலங்களையும் கட்டிவிட்டு, அறுபதுகளின் கடைசியில் முதுநிலைப் பட்டத்துக்காக மாண்ட்ரியலுக்கு வந்தேன். உலகக் கண்காட்சி முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பட்டம் கிடைத்தது, வேலைதான், பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஹாலோவே என்ற ஆங்கிலேயரின் அலுவலகத்தில் கிடைத்தது. இந்த நாட்டில் பொறியாளர் என்று கையெழுத்துப் போட உரிமம் வேண்டும். அதற்கு, உரிமம் உள்ள ஒரு மூத்தவருக்குக் கீழே சில ஆண்டுகள் வேலை பார்த்து, அவர் வாயால் நல்லவன் என்று பெயர் வாங்க வேண்டும். ஹாலோவேதான் என் மூத்தவர். அவர் தலையசைத்தால் நான் பொறியாளர், இல்லாவிட்டால் படம் வரைகிற ஆள். நோத்ர-டாம்-த-கிரேஸில் வாடகைக் குடியிருப்பு, பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்த்த என் மனைவி பத்மா, வயிற்றில் குழந்தை. அவர் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்பதே அப்போது எங்கள் வீட்டுப் பேச்சாக இருந்தது.

ஹாலோவே கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். குரலை உயர்த்த மாட்டார், கதவைத் தானே திறந்துவிடுவார், மழை பெய்தால் காரில் ஏற்றிக்கொள்வார். வாயில் எப்போதும் ஒரு புகைக்குழாய். மாண்ட்ரியலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். கடையில் ரொட்டி கேட்கக்கூட பிரெஞ்சு தெரியாது. தெரியாது என்பதில் ஒரு பெருமை வேறு. அவருடைய உயிர் பழைய இங்கிலீஷ் பண்ணை வீடுகளில் இருந்தது. அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குழாய் அணைந்துபோவதுகூடத் தெரியாமல் பேசுவார்.

பழைய வீட்டை அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அறையின் நாலு பக்கத்தையும் டேப் வைத்து அளந்தால் போதாது. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அறை கோணல் என்று அர்த்தம். தரை மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, மேலேயிருந்து தூக்குக்குண்டு விட வேண்டும். குண்டு ஆடும். அது ஆடாமல் இருக்கக் கீழே ஒரு வாளியில் தண்ணீரோ எண்ணெயோ வைத்து அதற்குள் குண்டை இறக்குவோம். நூல் அசையாமல் நின்ற பிறகு, மேலே சுவருக்கும் நூலுக்கும் எவ்வளவு, கீழே எவ்வளவு என்று எடுக்க வேண்டும். கையும் முதுகும் விட்டுப்போகும் வேலை. நானும் ராமநாதனும்தான் பெரும்பாலும் போவோம். ராமநாதனும் கிண்டிக்காரர், எனக்கு இரண்டு வருஷம் சீனியர், உரிமம் வாங்கியவர்.

அப்படி அளந்து கொண்டுவந்ததை பென்சிலில் வரைந்து ஹாலோவே மேஜையில் வைப்போம். அவர் மென்மையான ரப்பர் ஒன்றை எடுத்து, சாய்ந்த கோடுகளை எல்லாம் அழித்து, நேராகப் போடுவார். கோணல் அறை சதுரமாகும். வளைந்த உத்திரம் நிமிரும். ஒரு குழந்தையின் தலையைத் தடவுவதுபோல அவ்வளவு அன்பாகச் செய்வார். "இதைக் கட்டியவர்கள் நேர்மையான கைவினைஞர்கள், சுந்தர். அவர்கள் மனதில் என்ன இருந்ததோ அதைத்தான் நாம் வரைய வேண்டும்" என்பார். செத்துப்போன தச்சனின் மனதில் இருந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். நானும் ராமநாதனும் எங்களுக்குள் இதற்கு இஸ்திரி போடுவது என்று பெயர் வைத்திருந்தோம். இஸ்திரி போட்ட படம் டிரேசிங் தாளில் ஏறும், முத்திரை விழும், அதுவே வீடு என்று ஆகிவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மாண்ட்ரியலின் புறநகரான ரொக்ஸ்பரோவுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரமாக ஒரு பண்ணை வீடு எங்களிடம் வந்தது. சுற்றியிருந்த வயலெல்லாம் மனைகளாகி, வரிசையாகப் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நடுவில் இது ஒன்று மட்டும் மிச்சம். சஃபோக் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆங்கிலேய விவசாயி தன் ஊரில் பார்த்த மாதிரியே கட்டியது. ஒரு கம்பெனி இயக்குநர் அதை வாங்கி, "இங்கிலாந்தில் இருப்பது போலவே ஆக்கித் தாருங்கள்" என்று ஹாலோவேயிடம் ஒப்படைத்திருந்தார். ஹாலோவேக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, நான் பார்த்தேன்.

வீடு எனக்கும் பிடித்தது, அதை மறைக்கவில்லை. வாசல் கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே செங்கல் சுவர். அது வீட்டின் நடுவில் நிற்கும் பெரிய புகைபோக்கியின் முதுகு. இடப்புறம் திரும்பினால் கூடம், வலப்புறம் விருந்தினர் அறை. இரண்டுக்கும் அந்த ஒரே புகைபோக்கிதான் கணப்பு. குளிர்க்காற்று நேரே உள்ளே பாயாமல் அந்தச் செங்கல் முதுகில் முட்டித் திரும்பும். பின்புறம் சமையல்கட்டு. மேலே, கூரைச் சரிவுக்குள் அடங்கிய மாடி. சுவரெல்லாம் ஓக் மரச் சட்டம், இரும்பாணி கிடையாது, மர ஆணிகள்தான். மாடியில் ஒரு சுவரின் தலையிலிருந்து எதிர்ச் சுவரின் தலைவரை, நெஞ்சு உயரத்தில், தடித்த உத்திரங்கள் குறுக்கே போயின. கூரையின் கைமரங்கள் இரண்டு பக்கச் சுவர்களையும் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இந்தக் குறுக்கு உத்திரங்கள் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தன. கட்டடத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். விளங்கிக்கொள்ள இங்கிலாந்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

சமையல்கட்டை ஒட்டிய அறையில் மதாம் ஜெர்மென் இருந்தார். முந்தைய பண்ணைக்காரரிடம் சமையலும் மாடும் பார்த்தவர், விதவை. அவர் சாகும்வரை அங்கே இருக்கலாம் என்று சொல்லித்தான் வீடு கைமாறியிருந்தது. எங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நாங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளும் புறமும் போய்வந்தால், "லா போர்த்! லா போர்த்!" என்று கத்துவார். கதவைச் சாத்து என்பதுதான். என் குண்டுக்கு ஒரு வாளி கேட்டேன். மாட்டு வாளி ஒன்றைக் கொடுத்து, அதில் நான் என்ன செய்கிறேன் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார். மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சில், சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன் என்றேன். "சாய்ந்துதான் இருக்கிறது. அதற்கு வாளி எதற்கு?" என்றார். பேச்சில் எப்போதும் அப்படித்தான்.

முன்சுவர் நடுவில், தலைப்பக்கம் ஒரு சாண் வெளியே போயிருந்தது. மேலே போய்ப் பார்த்தேன். நடு உத்திரத்தின் மர ஆணி எப்போதோ கொஞ்சம் நழுவியிருக்கிறது. சுவர் வெளியே நகர்ந்திருக்கிறது. பிறகு ஆணி மறுபடி பிடித்துக்கொள்ள, அப்படியே நின்றிருக்கிறது. நின்று பல தலைமுறை ஆகியிருக்கும். ஆனால் அந்தச் சுவர் முழுக்க அந்த ஓர் உத்திரத்தை நம்பித்தான் நின்றது. அதன் பின்முனைக்கு நேர் கீழே மதாமின் கட்டில்.

படத்தில் அந்தச் சாண் அளவை அப்படியே வரைந்து வைத்தேன். ஹாலோவே ரப்பரை எடுத்தார். இந்தத் தடவை வேண்டாம் சார், இது முக்கியம் என்றேன். அடுத்த நாள் அவரையே அந்தப் பண்ணை வீட்டுக்கு அழைத்துப்போய், அவர் முன்னால் குண்டை இறக்கினேன். நூல் கம்பி மாதிரி நின்றது. மேலே சுவருக்கும் நூலுக்கும் இடையில் என் கையை விரித்து வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காற்றோட்டம் இருக்கிறது, சுந்தர். நூல் அசைந்திருக்கும்" என்றார்.

குண்டு வாளிக்குள் எண்ணெயில் முங்கிக் கிடக்கிறது. நூல் அசையவில்லை என்று மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும். இவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவருடைய ஊர்க்காரர் கட்டிய சுவர் சாய்ந்திருப்பது அவருக்கு ஒரு வசவு மாதிரி இருந்தது. அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கிருந்த மரியாதை மொத்தமும் போய்விட்டது. அது பிறகு திரும்பி வரவே இல்லை.

படம் நேரானது. படத்தில் சுவர் நேராக நின்றதால், அதைப் பிடித்திருக்கும் உத்திரத்துக்கும் வேலை இல்லாமல் போனது. வீட்டுக்காரர் மாடியில் படுக்கையறைகள் வேண்டும் என்றார். நெஞ்சு உயரத்தில் உத்திரம் குறுக்கே நின்றால் குனிந்துதானே போக வேண்டும்? ஹாலோவே நடு உத்திரத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டச் சொன்னார். "இங்கிலாந்தில் இப்படி வெட்டிய எத்தனையோ வீடுகள் இன்னும் நிற்கின்றன" என்றார். நிற்கலாம். அங்கே கூரைமேல் ஆள் உயரத்துக்குப் பனி உட்கார்வதில்லை என்றேன். "எல்லாவற்றையும் மோசமாகவே பார்க்கிறீர்கள், சுந்தர். உங்கள் உரிமத்துக்கு நான் எழுதும்போது இதைச் சொல்ல வேண்டி வந்துவிடப் போகிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னால் மிரட்டல் இல்லையாம்.

அந்தப் படத்தைத் தயார் செய்ய மாட்டேன் என்றேன். ராமநாதனிடம் போனது. அவர் மேஜைக்குப் போய் நின்றேன்.

"சார், நீங்களும்தானே என்கூட வந்து அளந்தீங்க? கையெழுத்து போடாதீங்க."

"ஏம்ப்பா, உனக்கு ஏன் வேண்டாத வேலை? அவர் நேரா இருக்குங்கறார். இருந்துட்டுப் போகட்டுமே."

"கீழ ஒரு பொம்பளை படுத்திருக்கா சார்."

"அவங்க ஊரு வீடு, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்று சொல்லிவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

இதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. ஹாலோவேயாவது தன் ஊர்ப் பாசத்தில் கண் மூடியவர். ராமநாதன் கண்ணால் பார்த்தவர், வாளியைப் பிடித்தவர். துரை சொன்னால் சுவர் நேராகிவிடும் என்று நம்புகிற புத்தியைக் கடல் தாண்டியும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். வெள்ளைக்காரரிடம் எதிர்த்துப் பேசாததைப் பண்பு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம்.

வீட்டில் பத்மாவிடம் சொன்னேன். "உரிமம் இல்லைன்னா என்ன, என் சம்பளத்துல ஓட்டலாம். அந்தப் படத்தை வரைஞ்சு குடுத்துட்டு வந்திருந்தீங்கன்னா நான் பேசியிருக்கவே மாட்டேன்" என்றாள். பிறகு, "அந்த அம்மாகிட்ட யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ரொக்ஸ்பரோ போனோம். பத்மாவின் பிரெஞ்சு என்னுடையதைவிட நல்ல பிரெஞ்சு. உத்திரத்தை வெட்டப்போகிறார்கள், பனிக்காலத்தில் இங்கே படுக்காதீர்கள் என்று சொன்னாள். மதாம் அவளுடைய வயிற்றைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், சூடாகப் பால் கொடுத்தார். கடைசியில், "நான் எங்கேயும் போக மாட்டேன். வெட்டுகிறவர்களைப் போகச் சொல்" என்றார்.

இலையுதிர் காலத்தில் வெட்டினார்கள். அதோடு நிறுத்தவில்லை. இங்கிலீஷ் பண்ணை வீடு என்றால் உத்திரங்கள் வெளியே தெரிய வேண்டும், கறுப்பாக வேறு இருக்க வேண்டும் என்று ஹாலோவேக்கு ஒரு எண்ணம். கூடத்திலும் சமையல்கட்டிலும் உத்திரங்களுக்கு அடியில் இருந்த சுண்ணாம்பு உள்கூரையைப் பெயர்த்து எறிந்தார்கள். அது பூச்சு மட்டுமல்ல, அடியில் அறைந்திருந்த மரப்பட்டிகளோடு சேர்ந்து வீட்டை இறுக்கமாகவும் வெதுவெதுப்பாகவும் வைத்திருந்த உள்கூரை. நல்ல பழுப்பாக இருந்த ஓக் மரத்துக்குத் தாரைப் போலக் கறுப்பு பூசினார்கள். வீட்டுக்காரரின் மனைவி வந்து பார்த்துக் கைதட்டினார். இயக்குநர் குடும்பம் வசந்தத்தில் குடிவருவதாகச் சொல்லிவிட்டு ஃபுளோரிடா போனது.

ஜனவரியில் உள்கூரை இல்லாததால் அடுப்புச் சூடெல்லாம் பலகை இடுக்கு வழியே மாடிக்கு ஏறிப் போய்விட, மதாமின் அறையில் குடத்துத் தண்ணீர் உறைந்தது. யார் சொல்லியும் அசையாத மனுஷி, குளிர் தாங்காமல், சென்ட் லோரன்டில் வாடகை வீட்டில் இருந்த மகளிடம் போனார். அவருடைய உயிரைக் காப்பாற்றியது நானும் இல்லை, பத்மாவும் இல்லை. ஒரு முட்டாள்தனத்தால் வந்த குளிர், இன்னொரு முட்டாள்தனத்திலிருந்து அவரைக் காப்பாற்றியது. இதற்கு நன்றி சொல்ல வேண்டுமானால் ஹாலோவேக்குத்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் பெரிய பனி, அதன்மேல் மழை. முன்சுவர் நடுவில் வெளியே விழ, கூரை உள்ளே இறங்கியது. புகைபோக்கி மட்டும் தனியாக நின்றது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் வந்தார். பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷும் தெரிந்தவர், கையுறையோடு எழுதப் பழகியவர். ஹாலோவே, ராமநாதன், அளந்தவன் என்பதால் நான், மூவரும் ஹாலோவேயின் காரில் போனோம். வழியில் ஹாலோவே என் பக்கம் திரும்பி, "உங்கள் உரிம விண்ணப்பம் அடுத்த வாரம் என்னிடம் வருகிறது. சந்தோஷமாக எழுதித் தருவேன்" என்றார். குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அங்கே போனதும் ஹாலோவே இன்ஷூரன்ஸ்காரரிடம் வழக்கத்துக்கு மீறிய பனி என்று விளக்கினார். அழகாகவே விளக்கினார். அந்த ஆள் படத்தை விரித்து, "அளந்தவர் நீங்கள்தானே? சுவர் இப்படித்தான் நின்றதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. தலைப்பக்கம் ஒரு சாண் வெளியே போயிருந்தது. அதைப் பிடித்திருந்த உத்திரத்தை இலையுதிர் காலத்தில் வெட்டினார்கள். படம் என் அளவுப்படி இல்லை" என்றேன்.

அவர் ராமநாதனைப் பார்த்தார். ராமநாதன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "படம் சரிதான்" என்றார். முத்திரை இருக்கிற படம் ஒரு பக்கம், உரிமம் இல்லாத ஓர் ஆளின் வாய்ப்பேச்சு இன்னொரு பக்கம். அந்த மனிதர் எனக்காக வருத்தப்பட்டது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பனி என்றே எழுத ஆரம்பித்தார்.

ஹாலோவே என் தோளில் கை வைத்தார். "அப்படியானால் என் சிபாரிசு உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்" என்றார், அதே அன்பான குரலில்.

அப்போது மதாம் ஜெர்மென் மருமகனோடு வந்தார், தன் சாமான்களை எடுக்க. கட்டில் இருந்த இடத்தில் கிடந்த கூரை மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்ஷூரன்ஸ்காரரிடம் என்ன ஆயிற்றாம் என்று கேட்டார். பனிதான் காரணம் என்கிறார்கள் மதாம் என்றார் அவர். கிழவி எங்கள் மூவரையும் ஒருவர் விடாமல் பார்த்தார். என்னைத்தான் கடைசியாகப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு மரக்குவியலை நோக்கி நடந்தார். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

"என்ன சொல்கிறார்?" என்று ஹாலோவே என்னைக் கேட்டார்.

நான் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். "பனி வருஷா வருஷம் பெய்கிறதாம் சார். நாம் வந்தது போன வருஷம்தானாம்."